‘பேச்சுதானே, மாத்திரை இல்லையே!’: குடி ஆய்வில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். கணவருக்கு 41 வயது, விவசாயக் கூலி. சாயந்திரமானால் குடி. ஆஸ்பத்திரியில், ‘குடியைக் குறைக்க கவுன்சலிங் ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறீர்களா?’ என்று எட்டுப் பக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஊசி, மாத்திரை கிடையாதாம், பேச்சு மட்டும்தானாம். அவருக்காக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: போடக் கூடாது. அவர்தான் போட வேண்டும். வெறும் பேட்டி எடுக்கும் ஆய்வாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்காரர்களைச் சேராத ஒரு சாட்சியின் முன் முழுவதும் படித்துக்காட்டி, கைரேகை வாங்க வேண்டும். போதையில் கொடுக்கும் சம்மதம் சம்மதமே இல்லை. தாளை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். இரண்டு நாள் கழித்து, காலையில், தெளிவாக இருக்கும்போது படித்துக்காட்டுங்கள்.

காலையில் ஒரு வாய் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையா? அப்படியென்றால் ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. கவுன்சலிங் இதைத் தடுக்காது. படுக்கையில் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டிய விஷயம் இது.

சேர்ப்பதற்கு முன், குடி எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று பார்க்க, பெரும்பாலும் ‘ஆடிட்’ என்ற 10 கேள்வி கேட்பார்கள். மொத்தம் 40 புள்ளி. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 12 முதல் 19 புள்ளி வரை வாங்கிய ஆண்களைத்தான் எடுத்தார்கள். 20-ஓ அதற்கு மேலோ வந்தால் அது பேச்சோடு தீராது, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நிலை.

இந்தக் கணக்கில்தான் நம்மூரில் தவறு நடக்கிறது. ‘ஒரு குவார்ட்டர்தான் சார்’ என்பார்கள். 180 மில்லி சரக்கு, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். 10 கிராமை ஓர் அளவாக வைத்துப் பார்த்தால் 6 அளவு. ஒரே அமர்வில் 6 அளவு என்பதையே அதிகக் குடி என்று தனிக் கேள்வியாகக் கேட்கிறது ஆடிட். ஆகவே பாட்டில் அளவை மில்லியில் சொல்லச் சொல்லுங்கள். முதல் பேட்டியில் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிட்டு, பழகிய பிறகு உண்மையைச் சொன்னால், கவுன்சலிங்குக்குப் பிறகு குடி கூடிவிட்டது என்று தாளில் பதிவாகும்.

கவுன்சலிங் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நம்பிச் சேராதீர்கள். யாருக்குக் கவுன்சலிங், யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை கம்ப்யூட்டர் குலுக்கல்தான் முடிவு செய்யும். டாக்டரிடம் சிபாரிசு செல்லாது. கோவாவில் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கவுன்சலிங் பெற்றவர்களில் 36 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால் மந்திரம் இல்லை. ‘எங்களுக்குக் குலுக்கலில் விழாவிட்டால், ஆய்வு முடிந்தபின் தருவீர்களா?’ என்று இப்போதே கேளுங்கள்.

பிறகு போன் செய்து நிலவரம் கேட்பவருக்கு உங்கள் கணவர் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கேள்வி கேட்கும் தொனியே மாறிவிடும். ‘அந்தக் கவுன்சலிங் அக்கா நல்லா பேசினாங்க’ என்று வாய்தவறிச் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்தது, காலம். ஐப்பசியில் சேர்ந்தால் மூன்றாம் மாதப் பேட்டி தை மாதத்தில் வந்து நிற்கும்: சம்பா அறுப்பு, கையில் கூலிப்பணம், பொங்கல். குடி கூடும் சமயமும் அதுதான், பேட்டிக்கு நேரமில்லாத சமயமும் அதுதான். ‘மறுபடி குடிச்சுட்டேன், எந்த மூஞ்சியோட போறது?’ என்று ஒதுங்கிவிடுவார்கள். அப்படி ஒதுங்கியவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எந்தக் கவுன்சலிங்கும் அற்புதமாகத்தான் தெரியும். குடித்தாலும் போய் ‘குடித்தேன்’ என்று சொல்லலாம். யாரும் திட்ட மாட்டார்கள். பஸ் காசும் போன நாள் கூலியும் தருவார்களா என்று கேட்பதில் தப்பில்லை. சேருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருந்து ஆய்வில் கவலை உடம்பைப் பற்றி. இங்கே கவலை, சொன்ன பேச்சு எங்கே போகும் என்பது. பல ஆய்வுகளில் உரையாடலை ஒலிப்பதிவு செய்வார்கள். அதற்குத் தனிச் சம்மதம் உண்டா, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், விலகினால் அழிப்பார்களா என்று பாருங்கள். வீட்டுக்கு வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. பையோடு ஒருவர் வாரா வாரம் வந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். வீட்டில் ஒரே போன்தான் என்றால், பிள்ளைகள் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். உங்களிடமும் அவரைப் பற்றிக் கேட்பார்கள் என்றால் உங்களுக்குத் தனிச் சம்மதத் தாள் வேண்டும்.

தாளில் சி.டி.ஆர்.ஐ. எண் இருக்க வேண்டும்: வருடம், மாதம், பிறகு ஆறு இலக்கம். மருத்துவ ஆய்வுகளைப் பதிந்துவைக்கும் மத்திய அரசின் இந்தப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த எண்ணைப் போட்டுத் தேடி, உங்கள் ஆஸ்பத்திரி பெயர் அதில் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். எந்த நாளிலும் விலகலாம்; அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது.

கடைசியாக, ‘சாகலாம் போல இருக்கிறது’ என்று பேட்டியில் அவர் சொன்னால் என்ன செய்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராத ஆய்வில் சேர வேண்டாம். அப்படி அவர் வீட்டில் பேசினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். காட்டுமன்னார்கோயில் பக்கக் கிராமங்களில் அதைப் பொது இடத்தில், பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்துப் பார்த்த ஆய்வே நடந்திருக்கிறது.