ரயிலுக்குள் உட்கார்ந்திருந்த பெண்

வணக்கம் சார்,

போன வாரம் ஆபீஸில் டீ குடிக்கும்போது பேச்சு கமலும் ஸ்ரீதேவியும் நடித்த ‘மூன்றாம் பிறை’ படத்தின் பக்கம் திரும்பியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அந்த க்ளைமாக்ஸ் எனக்குப் பிடிக்காது, கமல் ரொம்ப ஓவராப் பண்ணியிருப்பார்” என்று சொல்லிவிட்டேன். ஒருவர், “உனக்கெல்லாம் ரீல்ஸ்தான் லாயக்கு” என்றார். இன்னொருவர், “வித்தியாசமாப் பேசினா பெரிய ஆள்னு நினைப்பு” என்றார். அன்றிலிருந்து என்னை ‘விமர்சகர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரே கொண்டாடும் படம் ஒருவனுக்குப் பிடிக்காமல் போனால் அது ரசனைக் குறைவா? உங்களுக்கும் இப்படி வெளியே சொல்ல முடியாத அபிப்பிராயம் ஏதாவது உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள விமர்சகருக்கு,

பட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்சியில் உங்களுக்கு முன்பே ஒருவர் சேர்ந்துவிட்டார். என் அத்தை. எண்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. அன்று இரவு வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்து மூன்று கேசட் போட்டார்கள். இரண்டாவது படம் மூன்றாம் பிறை. கடைசிக் காட்சியில் மழையும் சேறுமாக கமல் ரயில் பின்னால் நொண்டிக்கொண்டே ஓட, திண்ணையில் ஒரே மூக்குறிஞ்சல். மறுநாள் பந்திக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் நிமிர்ந்து கேட்டார்: “பொண்ணு குணமாகி அப்பா அம்மாகூட வீடு போய்ச் சேருது. இதுக்கு எதுக்குடி அழறீங்க?”

எல்லோரும் அவரை அடக்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை அடங்கவில்லை.

கதையை அந்தப் பெண் பக்கமிருந்து ஒருமுறை சொல்லிப் பாருங்களேன். பெயர் பாக்கியலட்சுமி. கார் விபத்தில் தலையில் அடிபட்டுப் பழைய நினைவெல்லாம் போய்க் குழந்தையாகிவிடுகிறாள். அந்த நிலையில் அவளைக் கடத்தி விபசார விடுதியில் விற்றுவிடுகிறார்கள். விஜி என்பது அங்கே வைத்த பெயர். கமல் நடித்த சீனு அவளை மீட்டு ஊட்டிப் பக்கம் கேத்திக்குக் கூட்டிவந்து கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வைத்தியத்தில் நினைவு திரும்புகிறது. இடைப்பட்ட நாட்கள் மொத்தமும் அழிந்துபோகின்றன. விற்கப்பட்டதும் சேர்த்துத்தான் அழிகிறது. பெற்றோர் பக்கத்தில் இருக்கிறார்கள், ரயில் கிளம்பப் போகிறது. யாரோ ஒருவன் ஜன்னலுக்கு வெளியே நின்று “விஜி, விஜி” என்று கத்துகிறான். யார் விஜி? நான் இரண்டு பெண்களைப் பெற்றவன். அந்த ஜன்னலோரம் என் பெண் உட்கார்ந்திருந்தால் ரயில் சீக்கிரம் கிளம்பட்டும் என்றுதான் வேண்டியிருப்பேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: தமிழின் மிகப் பெரிய சோக முடிவு என்று நாம் நாற்பது வருடமாகச் சொல்லிவரும் அந்த முடிவு பாதிதான் சோகம். “இப்படி மறந்துட்டாளே பாவி” என்று அவளைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். அவள் எதை மறந்தாள், யாரை ஏமாற்றினாள்? அந்தப் படத்துக்காகக் கமலுக்குச் சிறந்த நடிகருக்கான முதல் தேசிய விருது கிடைத்தது. ஒளிப்பதிவுக்காக, படத்தை இயக்கிய பாலு மகேந்திராவுக்கும் கிடைத்தது. இரண்டுமே தகுதியானவை. ஸ்ரீதேவிக்குத் தேசிய விருது வந்தது 2018-இல், ‘மாம்’ படத்துக்கு, அதுவும் அவர் இறந்தபின். மூன்றாம் பிறையில் நிஜமாகவே கடினமான வேலை அவருடையது. அந்தக் குழந்தைத்தனம் ஒரு நூலிழை பிசகினாலும் படம் அசிங்கமாகியிருக்கும்.

சரி, உங்கள் ‘ஓவர்’ விஷயத்துக்கு வருவோம். இதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. சீனு அங்கே செய்வது என்ன? முன்பு அவளைச் சிரிக்க வைத்த அதே குரங்குச் சேட்டை. தலையில் பாத்திரம், குட்டிக்கரணம். அது அவர்கள் இரண்டு பேருக்குள் மட்டும் செல்லுபடியான பாஷை. அவளுக்கு அது மறந்துவிட்டது என்றால் உலகத்தில் அந்த பாஷை தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். வார்த்தையில் சொல்ல அவனிடம் வேறு என்ன இருக்கிறது? “நான்தான் உன்னை வளர்த்தேன்” என்று ஜன்னல் வழியாக விளக்கம் கொடுக்கவா முடியும்? ரயில் நகர நகரச் சேட்டையும் கூடத்தான் செய்யும். கமல் அதை அடக்கி வாசித்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும், ஆனால் சீனு பொய்யாகியிருப்பான்.

ஆனால் ஒன்று. வெளியே குதிப்பவன் யாரோ பைத்தியம், சோற்றுக்குக் கையேந்துகிறான் என்றுதான் பாக்கியலட்சுமி நினைக்கிறாள். உங்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றியிருக்கிறது. உங்கள் நண்பர்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில் சீனுவோடு நின்று அழுதிருக்கிறார்கள். நீங்கள் பெட்டிக்குள் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். இதை ரசனைக் குறைவு என்று நான் எப்படிச் சொல்வேன்?

அந்தப் படத்தில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு இடம். சீனு வேலை பார்க்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருடைய மனைவியாக சில்க் ஸ்மிதா வருவாரே, அது. வயதான கணவன், மலை ஊர், குளிர், பேச ஆளில்லை. அவளுக்கு சீனு மேல் ஆசை வருகிறது. அதைப் படம் எப்படிப் பார்க்கிறது? ஒரு பாட்டு வைத்து நம்மைக் கிறங்கடித்துவிட்டு, பாட்டு முடிந்ததும் அவளைத் தள்ளி நிறுத்திவிடுகிறது. நாம் சீனுவை முதலில் எங்கே பார்த்தோம்? நண்பனோடு அதே விடுதிக்கு வந்த இடத்தில். அவனுக்கு ஒரு மன்னிப்பு உண்டு, இவளுக்கு இல்லை. ‘பொன்மேனி உருகுதே’ இளையராஜாவின் அபாரமான பாட்டு, நானும் முணுமுணுத்தவன்தான். ஆனாலும் அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் இரண்டு காட்சி இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். கேள்வி நேரம் முழுக்க அதிலேயே போனது.

உங்கள் நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். எது ஊரே கொண்டாடும் படம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் ஓடவில்லை. அப்போது அதை நல்ல படம் என்றவன்தான் கிறுக்கன். இன்று அது சுமாரான படம் என்று டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், டீ மேலே வந்து விழும். படம் அதே ரீல்தான்.

‘வித்தியாசமாப் பேசுறான்’ என்ற குற்றச்சாட்டு மட்டும் சில சமயம் நியாயம். படத்தைப் பார்க்காமலே, பெயரைப் பார்த்து அடிப்பவர்கள் உண்டு. நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பத்து வயதில் டிவியில் விளம்பரங்களுக்கு நடுவே பார்த்த நினைவாக இருந்தால் இன்னொரு தடவை முழுசாகப் பாருங்கள். அப்புறமும் ஓவர் என்று தோன்றினால் எந்த ஷாட்டில் தோன்றுகிறது என்று எழுதுங்கள். சண்டை போடலாம்.

அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் போன் செய்தேன். அவருக்குப் படம் நினைவில் இல்லை. கமல் என்றேன், ஸ்ரீதேவி என்றேன், மழை, ரயில், காதுகுத்து என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அரை நிமிடம் சத்தமே இல்லை.

“சுப்ரமணின்னு ஒரு நாய்க்குட்டி வருமே, அதுவாடா?” என்றார்.