அலரிப் புழுவும் மண்டையோட்டுப் பூச்சியும்

கேள்வி: வளவில் நிற்கும் நந்தியாவட்டையை விரல் பருமனான பச்சைப் புழுக்கள் மொட்டையாக்கிவிட்டன. தலைப்பக்கம் இரண்டு நீலக் கண், வாலில் ஒரு கொம்பு. கொட்டுமா? மருந்து அடிக்கலாமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: கொட்டாது. இது மயிர்க்கொட்டி இல்லை. கொம்பும் மெத்தென்றுதான் இருக்கும். நீலக் கண்களும் வெறும் பொட்டுகளே. சீண்டினால் தலையை உள்ளிழுத்து அவற்றைக் காட்டி வெருட்டும். அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ மூன்றிலும் வளரும் டாப்னிஸ் நெரீ என்ற அந்துப்பூச்சியின் புழு இது. கடற்கரைப் பக்கம் அலரிக்குக் குறைவில்லாததால் உங்கள் ஊரில் இதற்கு என்றும் விருந்துதான்.

மருந்து வேண்டாம். மொட்டையான செடி திரும்பத் துளிர்க்கும். சாடியில் நிற்கும் சின்னக் கன்று என்றால் மட்டும் புழுவை இலையோடு கிள்ளி, பெரிய நந்தியாவட்டையில் விடுங்கள். அலரிக்கு மாற்றாதீர்கள், பாதி வளர்ந்த புழு புது இலையைத் தொடாமல் பட்டினி கிடக்கக்கூடும். வெட்டிய அலரிக் கொப்பை ஆட்டுக்குப் போடவே கூடாது. புழுவுக்குச் செரிக்கும் அந்த நஞ்சு ஆட்டின் இதயத்தை நிறுத்திவிடும்.

பிள்ளைகள் வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால், வாளியின் வாயை வலைத்துணியால் கட்டுங்கள். மூடி போட்டால் எச்சத்தின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் புழு செத்துவிடும். கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் வைப்பதானால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விழுந்து மூழ்கும். 7, 8 சென்றிமீற்றர் வளர்ந்ததும் பச்சை மங்கிக் கபில நிறமாகி, இலையை விட்டு இறங்கி அலையும். நோய் என்று பயப்படாதீர்கள். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. அடியில் காய்ந்த சருகு போடுங்கள். பக்கத்தில் சொரசொரப்பான தடி ஒன்றும் கட்டாயம் வேண்டும். வெளிவரும் பூச்சி ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் சிறகு விரியாமல் சுருண்டே காய்ந்துவிடும்.

விரிந்த சிறகு ஏறத்தாழ 10 சென்றிமீற்றர். கரும்பச்சையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் வளைவளைவாக ஓடும். இலைக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மைம்மலில் பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும்போது பாருங்கள். ஆபிரிக்கா, தென் ஐரோப்பா முதல் தென்கிழக்காசியா வரை இதன் ஊர்தான். கோடையில் பிரித்தானியாவரைகூட ஒன்றிரண்டு பறந்து போய்ச் சேரும்.

கேள்வி: முதுகில் மண்டையோடு உள்ள பூச்சி, பிடித்தால் கீச்சிடுகிறதே?
— வாசகர், மூதூர்

பதில்: அது அக்கெரோன்சியா, வேறு இனம். எள்ளு, கத்தரி இலையில் வளர்வது. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும். உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளுவதே அந்தக் கீச்சு. அபசகுனம் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.