மூக்குடைந்த அப்போஸ்தலர்கள் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் மூன்ஸ்டர் போயிருந்தேன். பேராலயச் சதுக்கத்தில் இருக்கும் கலை, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் நடந்தோம். உண்மையைச் சொன்னால் கால்வலிதான் மிச்சம். அறை அறையாக மாதாவும் புனிதர்களும். பலருக்கு மூக்கில்லை, சிலருக்குக் கையில்லை. நம் ஊரில் சிலை பின்னமானால் சன்னிதியிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இங்கே அதற்கு விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்த ஓவியர் ஒருவரும் கண்ணில் படவில்லை. பக்கத்திலேயே பிக்காசோ அருங்காட்சியகம் இருந்ததே, அங்கே போயிருக்கலாமே என்று மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அந்த ஊரைப் பற்றி ஒருமுறை ஆசையாக எழுதியதாக நினைவு. இப்படிப்பட்ட வட்டார அருங்காட்சியகத்தை எப்படித்தான் பார்ப்பது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

மூன்ஸ்டர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரிக்கும் பேச்சு ஒன்று உண்டு: ஒன்று மழை பெய்யும், இல்லையென்றால் மணி அடிக்கும், இரண்டும் சேர்ந்து வந்தால் அன்று ஞாயிறு. நான் அந்த அருங்காட்சியகத்துக்குள் முதலில் நுழைந்ததே மழைக்கு ஒதுங்கத்தான். 2014இல் திறந்த புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டிக்கெட் இல்லாமலேயே ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறலாம். மழை விடவில்லை, டிக்கெட் வாங்கினேன். உங்களுக்கு நடந்ததேதான் எனக்கும் நடந்தது. காசு கொடுத்தாயிற்று, எல்லா அறையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினேன். இரவு விடுதியில் படுத்தபோது ஒரு முகம்கூட நினைவில் இல்லை.

பெயர் தெரிந்தவர்களைத் தேடினேன் என்கிறீர்கள். அது யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்தில் சினிமா நடிகரைத் தேடுவது போல. அந்த அருங்காட்சியகம் 1908இல் திறந்தபோது, மூன்ஸ்டர் இருக்கும் வெஸ்ட்ஃபாலியா வட்டாரம் பிரஷ்ய அரசின் ஒரு மாகாணம். 1946இல் அதை ரைன்லாந்தின் வடபகுதியோடு சேர்த்து ஒரே மாநிலமாக்கிவிட்டார்கள். இன்று வெஸ்ட்ஃபாலியாவுக்கென்று தனியாக முதல்வரும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றிவரும் சில இடங்களில் இது ஒன்று. ஆகவே அது தன் வீட்டுக் கதையைத்தான் சொல்லும். அந்த வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. உங்கள் மூக்கில்லாத புனிதர்கள் அந்தச் சண்டையில் அடிபட்டவர்கள்.

இரண்டாம் முறை அவர்களுக்காக மட்டும் போனேன். பேராலயத்துக்கு மேற்கே ஆ என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது (பெயரே அவ்வளவுதான்). அதன் மறுகரையில் இருக்கும் மாதா கோவிலை ஊரார் ‘ஊபர்வாஸர்’ என்கிறார்கள். நம் பேச்சில் அக்கரை மாதா கோவில். அதன் மேற்கு வாசலில் 14ஆம் நூற்றாண்டில் மாதாவுக்கும் அப்போஸ்தலர்களுக்கும் சொரூபங்கள் செய்து வைத்தார்கள். 1534 பிப்ரவரியில் மறுஞானஸ்நானக்காரர்கள் நகர மன்றத் தேர்தலில் வென்று ஊரைக் கையில் எடுத்தார்கள். குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து அறிவு வந்தபின் பெறுவதே செல்லும் என்பது அவர்கள் கட்சி. சொரூபமும் அவர்களுக்கு ஆகாது. ஊரை இழந்த ஆயர் படையோடு வந்து முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்களுக்கு அரண் கட்டக் கல் வேண்டியிருந்தது. அக்கரை மாதா கோவிலின் கோபுர உச்சியை இறக்கிவிட்டு அங்கே பீரங்கி ஏற்றினார்கள். வாசலில் நின்ற சொரூபங்களைத் தள்ளி, கிராய்ட்ஸ்டோர் வாயிலருகே மதில் வேலைக்கு நிரப்புக் கல்லாகப் போட்டுவிட்டார்கள்.

முன்னூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வருடங்கள் அவை மண்ணுக்குள் கிடந்தன. 1898இல் அங்கே தோண்டியவர்களிடம் அகப்பட்டன.

இனி அவற்றின் அருகில் போய் நில்லுங்கள். தேன்நிறக் கல். மூன்ஸ்டருக்கு மேற்கே இருக்கும் பவும்பெர்க குன்றுகளில் வெட்டியெடுத்த மணற்கல் அது. மென்மையானது, ஏறக்குறைய மரத்தைப் போலவே உளிக்கு இணங்கும். ஆடையின் மடிப்புகளைப் பாருங்கள், தச்சன் வேலை போலத்தான் இருக்கும். ஆனால் மென்மைக்கு ஒரு விலை உண்டு: வெளியில் நின்றால் மழை அதை அரித்துவிடும். சொரூபங்களை அவமதிக்க நினைத்தவர்கள் அவற்றை மழைபடாத இடத்தில் பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். விழுந்து முறிந்த விளிம்பில் காயம், அதற்கு இரண்டு விரல் தள்ளி, நேற்று முடித்தது போன்ற சுருள் தாடி. இந்த இரண்டையும் ஒரே முகத்தில் பார்ப்பதற்காகவே நான் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பின்னமான சிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் வழக்கத்தில் மூர்த்தி உயிரோடு இருப்பவர். அவருக்கு அங்கம் குறைந்தால் பூசை நிற்கிறது, அது சரிதான். இவர்களுக்குப் பூசை நின்று ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. இப்போது ஒரு சிற்பியை அழைத்துப் புது மூக்கு ஒட்டினால், சொரூபம் முழுமையாகிவிடும், 1534 காணாமல் போய்விடும். இன்னொன்றும் கவனியுங்கள். இவற்றைத் தள்ளியவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் அல்லர். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் நிறைய இருந்தாலும், கோவிலில் முழந்தாளிட்டு வளர்ந்த உள்ளூர் வணிகர்களும் தொழிலாளிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதை அந்த ஊர் தன் அருங்காட்சியகத்தில் மறைக்காமல் வைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யோஹான் கோர்பெக்கெ 1457இல் மரியென்ஃபெல்ட் மடத்துக்காக முடித்த பலிபீட ஓவியத்தின் பலகைகள் அங்கே இருக்கின்றன. 1803இல் மடம் கலைக்கப்பட்டது, பலகைகளும் சிதறின. ஒன்று வாஷிங்டனில், ஒன்று மாட்ரிட்டில் என்று உலகம் சுற்றிவிட்டன. பாகம் பிரித்த வீட்டுச் சாமான் மாதிரி. உங்கள் மனைவிக்கு இன்னொன்றைக் காட்டுங்கள்: 1912இல் ஆகுஸ்ட் மாக்கெயும் ஃபிரான்ஸ் மார்க்கும் சேர்ந்து வரைந்த ‘சொர்க்கம்’. பான் நகரில் மாக்கெயின் வீட்டு மாடியறைச் சுவரில் ஆதாமையும் ஏவாளையும் விலங்குகளோடு ஆளுயரத்தைத் தாண்டிப் பெரிதாகத் தீட்டினார்கள். பின்னாளில் அதைச் சுவரிலிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். மாக்கெ வெஸ்ட்ஃபாலியாவில் மெஷெடெ என்ற ஊரில் பிறந்தவர். வரைந்து இரண்டு வருடத்தில், 27 வயதில், பிரான்ஸ் போர்முனையில் செத்தார். மார்க் 1916இல் வெர்டனில். பிக்காசோவை விட்டுவிட்டு வந்ததற்கு அந்தச் சுவர் போதும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள், வழக்கு வேண்டாம்.

அடுத்த முறை காலையில் போகாதீர்கள். பிற்பகலில் போய் அப்போஸ்தலர்களை மட்டும் பாருங்கள். பிறகு வெளியே வந்து அக்கரை மாதா கோவிலின் மேற்கு வாசலில் அவர்கள் நின்ற இடத்தைப் பாருங்கள், நடந்தே போகலாம். அங்கிருந்து கிராய்ட்ஸ்டோர் பக்கம் இன்னும் கொஞ்சம் நடை. மதில் இருந்த இடத்தில் இப்போது லிண்டன் மர நிழலில் பாதை போகிறது. நடப்பவர்களைவிட அங்கே சைக்கிள்களுக்குத்தான் மரியாதை, ஓரமாக நடங்கள்.

இருட்டும் நேரத்துக்கு லம்பெர்ட்டி கோவிலின் முன்னால் வந்துவிடுங்கள். 1535 ஜூனில் ஊர் வீழ்ந்தபின், மறுஞானஸ்நானக்காரர்களின் தலைவர்கள் மூவரை 1536 ஜனவரியில் வதைத்துக் கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் அந்தக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கோபுரத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கூண்டுகளை மட்டும் மறக்காமல் திரும்ப மாட்டினார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஊர் முழுக்க ஒரு சிற்பத் திருவிழா நடக்கும். அதிலும் இந்த அருங்காட்சியகத்துக்குப் பங்கு உண்டு. 1987இல் அதற்காக லோத்தர் பாவும்கார்ட்டன் என்ற கலைஞர் கூண்டுக்கு ஒரு பல்பு வீதம் மூன்றை எரியவிட்டார். திருவிழா முடிந்தும் யாரும் அணைக்கவில்லை. கீழே நின்று பார்த்தால் மங்கலான மஞ்சள் வெளிச்சம், அணைந்துவிடுமோ என்பது போல. கழுத்து வலிக்கும்வரை பாருங்கள். டோர்ட்முண்டுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.