சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மருந்தைக் கொடுத்த புழுக்கள் பாக்டீரியாத் தொற்றைத் தாங்குவது எப்படி? நமக்கும் இது பொருந்துமா?

முதலில், இது வயிற்றில் வரும் குடற்புழு இல்லை. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. இதன் சாப்பாடே பாக்டீரியாதான். வழக்கமான ஈ.கோலைக்குப் பதில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற நோய்க்கிருமி பூசிய தட்டில் விட்டால், தின்பதே நோயாகிவிடும். தொண்டையில் இருக்கும் அரைவை உறுப்புக்குத் தப்பி உயிரோடு உள்ளே போகும் பாக்டீரியா குடலில் பெருகும். இந்தக் கிருமியின் பி.ஏ.14 வகையை வைத்து 25 டிகிரியில் சோதித்தால், பாதிப் புழுக்கள் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

புழுவுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்கள் கிடையாது. குடலில் இருக்கும் 20 செல்களே பெரும்பாலும் காவல் வேலையையும் பார்க்கின்றன. அவற்றுக்குள் பி.எம்.கே-1 என்ற புரதம் முடுக்கப்பட்டால், பாக்டீரியாவை எதிர்க்கும் லைசோசைம் போன்ற புரதங்கள் சுரக்கும். நம் உடம்பில் உள்ள பி38 புரதத்துக்கு இது உறவு. மெட்ஃபார்மின் இந்தப் பாதையைத் தூண்டுகிறது என்பதுதான் விளக்கம். பி.எம்.கே-1 மரபணு வேலை செய்யாத புழுக்களில் மருந்தின் பாதுகாப்பு எடுபடாமல் போவதுதான் இதற்கு முக்கியச் சான்று.

ஆனால் "மருந்து கொடுத்தோம், புழு பிழைத்தது" என்பதை மட்டும் வைத்து எதையும் நம்பாதீர்கள். மருந்து, தட்டில் இருக்கும் அகார் என்ற கூழ்மத்தில் கலந்திருக்கிறது. புழுவுக்கு முன்பே பாக்டீரியாதான் அதைச் சந்திக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ஃபார்மினால் புழுவின் ஆயுள் நீண்டதற்கு ஈ.கோலையின் ஃபோலேட் (ஒரு வைட்டமின்), மெத்தியோனின் (ஓர் அமினோ அமிலம்) வளர்சிதை மாற்றம் கெட்டதே காரணம் என்று தெரிந்தது. பாக்டீரியா இல்லாதபோது அதே மருந்து ஆயுளைக் குறைத்தது! ஆகவே அதே அளவு மருந்தில் சூடோமோனாஸ் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தனியாக அளந்தே ஆகவேண்டும். இன்னும் நல்ல வழி, மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மருந்தில்லாத சூடோமோனாஸ் தட்டுக்குப் புழுவை மாற்றுவது.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுவார்கள். புழு ஆய்வில் வழக்கமான செறிவு 50 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 0.05 மோல். மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 165.6, ஆக 100 மில்லி அகாருக்கு 0.83 கிராம். 1 மோலார் கரைசல் வைத்திருந்தால் 5 மில்லி போதும். அகாரைக் கொதிக்கவைத்து, சுமார் 55 டிகிரிக்கு ஆறவிட்டுக் கலக்குங்கள். மருந்தில்லாத ஒப்பீட்டுத் தட்டில் அதே 5 மில்லி வெறும் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. வழக்கமான அகாரில் உப்பு 51 மில்லிமோலார்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரைடும் உப்பு என்பதால், 50 மில்லிமோலார் மருந்து சேர்த்தால் கிட்டத்தட்ட உப்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அந்தச் சவ்வூடு அழுத்தமே புழுவை மாற்றக்கூடும். எனவே 50 மில்லிமோலார் சாதா உப்பு கூடுதலாகச் சேர்த்த தட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

புழு பாக்டீரியாப் படலத்தை விட்டு ஓரத்துக்கு ஓடிப்போனாலும் பிழைத்ததாகத் தெரியும். அதற்குத் தட்டு முழுவதும் பாக்டீரியாவைப் பூசிவிடுங்கள். தொண்டை நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்றும் எண்ணுங்கள். குறைவாகத் தின்றால் தொற்றும் குறையும். பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட்டும் அசையாதது செத்த புழு. தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்ததையும், வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரித்துச் செத்ததையும் தொற்றுச் சாவாக எண்ணக்கூடாது, கணக்கிலிருந்து விலக்குங்கள். கடைசியாக, புழுக்களை நன்றாகக் கழுவி, அரைத்து, குடலில் இருந்த பாக்டீரியாவை எண்ணிப் பாருங்கள். மருந்து தின்ற புழுவில் அது குறைந்திருந்தால், எதிர்ப்பு கூடியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பாக்டீரியா அளவு குறையாமல் ஆயுள் மட்டும் கூடியிருந்தால், அது சேதத்தைத் தாங்கும் திறன். இரண்டும் ஒன்றல்ல.

மனிதருக்கு? மாத்திரை போடுபவரின் ரத்தத்தில் மெட்ஃபார்மின் மைக்ரோமோலார் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான், பெரும்பாலும் சில பத்துகளுக்குள் இருக்கும். புழுத் தட்டில் இருப்பது அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். புழு மருந்தை எளிதில் உள்ளிழுக்காது என்பது உண்மைதான். ஆனாலும் புழுவின் அளவை நம் மாத்திரைக் கணக்காக மாற்ற முடியாது. வயதும் முக்கியம்: இளம் புழுவுக்கு நன்மை செய்த அதே செறிவை முதிர்ந்த புழுவுக்குப் புதிதாகத் தொடங்கினால் நஞ்சாகிறது. தொற்றைத் தடுக்கலாம் என்று நினைத்துச் சர்க்கரை நோய் இல்லாதவர் இந்த மாத்திரையைத் தானாக எடுக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இது உடலில் தேங்கி லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.