புத்தகம் வாங்குகிறோம், வாசிப்பது எப்போது?

வாசிப்பைப் பழக்கமாக்கிக்கொள்வது பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரி நாள்களில் ஒரு நாவலை இரண்டே இரவுகளில் முடித்துவிடுவேன். வங்கிப் பணி, குடும்பம் என்று ஆன பிறகு பத்துப் பக்கம் தாண்டுவதே அரிதாகிவிட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்துவிடுகிறேன். நான் மீண்டும் வாசகனாவது எப்படி?
*வாசகர், விருதுநகர்*

வாங்குவதும் வாசிப்பதும் ஒரே விருப்பத்திலிருந்து பிறந்தாலும் அவை இரண்டு தனித்தனி வேலைகள். 1977 முதல் நடந்துவரும் அந்தக் காட்சியில், பத்து விழுக்காடு கழிவு என்ற பலகையைக் கண்டதும் கை நீள்வது இயல்புதான். அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அரங்கில் நிற்கும்போது உங்களுக்குள்ளிருந்து நூல்களைத் தேர்ந்தெடுப்பவர் இரவெல்லாம் படித்த பழைய கல்லூரி மாணவர். வீட்டில் அவற்றைப் பிரிக்க வேண்டியவரோ இரவு எட்டு மணிக்குக் களைத்துத் திரும்பும் வங்கி ஊழியர். முன்னவர் ஆசைப்பட்டு வாங்கிய அறுநூறு பக்க நூலைப் பின்னவரால் கையிலெடுக்க முடியவில்லை என்பதுதான் சிக்கலே தவிர, உங்களுக்கு வாசிப்பில் ஆர்வம் வற்றிவிட்டது என்று நான் கருதவில்லை.

ஆகவே அலமாரியில் உள்ளவற்றுள், முக்கியமானது என்று பிறர் சொன்னதற்காக வாங்கியவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, பின்னட்டையைப் படித்தாலே உங்களுக்கு ஆவல் எழுகிற, அளவிலும் சிறியதான ஒரு நூலை மட்டும் வெளியே எடுங்கள். ஒன்றுதான், இரண்டு வேண்டாம். அதை அலமாரிக்குத் திருப்பி அனுப்பாமல், நாள்தோறும் நீங்கள் தவறாமல் உட்காரும் இடத்தில் கைக்கெட்டும்படி வையுங்கள். நேரத்தையும் கடிகாரத்தைக் கொண்டு குறிக்காமல், ஏற்கெனவே செய்துவரும் ஒரு செயலைக் கொண்டு குறித்துக்கொள்வது நல்லது. இரவு ஒன்பதரைக்குப் படிப்பேன் என்று முடிவு செய்தால், ஒன்பதரைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தவுடன் அன்றைய வாசிப்பு போய்விடும். இரவு உணவு முடிந்து கை கழுவியதும் படிப்பேன் என்று வைத்துக்கொண்டால், உணவு எத்தனை மணிக்கு முடிந்தாலும் அதன் பின்னால் வாசிப்பு வந்து நிற்கும். கைப்பேசியை அந்த நேரத்தில் வேறு அறையில் மின்னேற்றத்துக்குப் போட்டுவிடுங்கள். அது பக்கத்தில் இருந்தும் அதைத் தொடாமல் இருப்பதற்கு வேண்டிய மனவலிமையை நாள் முழுதும் உழைத்து வந்தவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். ஆண்டுக்கு அது 3,650 பக்கம். இருநூறு பக்க நூல்களாகக் கணக்கிட்டால் பதினெட்டு நூல்கள். இந்தக் கணக்கை நான் சொல்வது பத்துப் பக்கம் அற்பமானதன்று என்று காட்டுவதற்காகத்தான். அதையே இலக்காக எழுதிச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். இந்த ஆண்டு ஐம்பது நூல்கள் என்று சமூக ஊடகத்தில் அறிவித்துவிட்டவர்கள், டிசம்பர் மாதத்தில் எதைப் படிக்கிறோம் என்பதை மறந்து எத்தனை என்பதை மட்டும் துரத்திக்கொண்டிருப்பதைக் காணும்போது எனக்கு இரக்கமே ஏற்படுகிறது.

எந்தச் செயலையும் 21 நாள்கள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் வாசிப்பில் இதை முயன்று, பன்னிரண்டாம் நாள் தவறவிட்டேன். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
*கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

தேவையில்லை. அந்த 21 நாள் கணக்குக்கு மூலமாகப் பெரும்பாலும் சுட்டப்படுபவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர். அறுவைக்குப் பின் மாறிய தம் முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள்களாவது ஆகின்றன என்று அவர் 1960-இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் ‘குறைந்தது’ என்பதை விட்டுவிட்டார்கள். முகத்துக்குப் பழகுவதை எல்லாப் பழக்கங்களுக்கும் பொதுவாக்கியும் விட்டார்கள்.

இதை முறையாக ஆராய்ந்தவர்களுள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். 2009-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 96 பேர், உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஏதேனும் ஒரு செயலை அன்றாட நிகழ்ச்சி ஒன்றுடன் இணைத்து 12 வாரங்கள் செய்துவந்தார்கள். அந்த 12 வாரத் தரவைக் கொண்டு அவர்கள் கணித்தபடி, ஒரு செயல் யோசனையின்றித் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை மாறுபட்டது. நடுமதிப்பு 66 நாள்கள். ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் சொல்லத்தக்க பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. வாசிப்பை அவர்கள் சோதிக்கவில்லை. ஆயினும் ஒரு கோப்பைத் தண்ணீர் குடிப்பதைவிட உடற்பயிற்சி பழகுவதற்குக் கூடுதல் நாள்கள் ஆயின என்பதால், வாசிப்புக்கும் சில மாதங்கள் ஆகலாம் என்று எதிர்பார்ப்பதே பொருத்தமாக இருக்கும். உங்களுக்கு இது பதின்மூன்றாம் நாள், அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை வீட்டு வேலை. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைப்பதில்லை. கிடைக்கும் பத்து நிமிடத்தில் படிக்க உட்கார்ந்தாலும், “சும்மாதானே இருக்கிறாய்” என்று யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.
*வாசகி, தஞ்சாவூர்*

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. எளிதானதை முதலில் பார்த்துவிடுவோம். துண்டு துண்டான நேரத்தில் பெரிய நூல்களைப் படிக்க முடியாது என்பது உண்மையன்று. ஐந்து பாகங்கள் கொண்ட பொன்னியின் செல்வனைத் தமிழர்கள் முதன்முதலில் படித்தது கல்கி இதழில், 1950 முதல் 1954 வரை, வாரம் ஒரு பகுதியாகத்தான். தொடர்கதைகளாக வெளிவந்த நாவல்கள் அனைத்தும் இப்படி ஒரு சிறு அமர்வுக்கு ஏற்ற அத்தியாயங்களாக அமைந்தவை. அவற்றை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வாசிப்பது அவை எழுதப்பட்ட முறைக்கும் பொருந்தும். சிறுகதைத் தொகுப்பும் கட்டுரைத் தொகுப்பும் இதேபோல் உங்களுக்கு உதவும். கைகள் வேலையில் இருந்து காது மட்டும் ஓய்வாக இருக்கும் நேரத்துக்கு ஒலிப்புத்தகங்கள் இருக்கின்றன. அதை வாசிப்பில் சேர்க்கலாமா என்று வாதிடுபவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல், வாசிப்பதை வேலையின்மையாகக் கருதும் வீட்டார். ஆண்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருக்கும்போது யாரும் அவர்களைச் சும்மா இருப்பதாகச் சொல்வதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஆகவே ஒளிந்து படிக்காதீர்கள். மாலைத் தேநீருக்குப் பிறகு கால் மணி நேரம் நான் படிப்பேன், அப்போது யாரும் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் அனைவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, கூடத்திலேயே உட்கார்ந்து படியுங்கள். முதல் வாரத்தில் கூப்பிடத்தான் செய்வார்கள். “இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி, அதன்படியே முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

தொடங்கிய புத்தகத்தை முடித்தே ஆக வேண்டுமா?
*வாசகர், திருநெல்வேலி*

தேர்வுக்குரிய பாடநூலாக இருந்தால் ஆம். மற்றபடி, ஐம்பது பக்கம் படித்தும் அடுத்த பக்கத்தைத் திருப்பத் தோன்றவில்லை என்றால் குற்ற உணர்வின்றி மூடிவிடலாம். பிடிக்காத ஒரு நூல் மேசையில் கிடந்து, பிடித்த பத்து நூல்களுக்கு வழியை மறித்துக்கொண்டிருப்பதைத்தான் பலர் தங்கள் சோம்பல் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சிற்றூரில் வசிக்கிறேன். ஒரு நாவலின் விலை நானூறு, ஐந்நூறு ரூபாய் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பழக்கத்தைத் தொடர்வது?
*வாசகர், அறந்தாங்கி அருகே*

நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போங்கள். 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் அடிப்படையில், தமிழ்நாட்டில் சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அந்தப் பணத்தைப் பெரிதும் நம்பி இயங்குபவை. அந்தச் சட்டத்துக்காக நெடுங்காலம் பாடுபட்டவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற அவர் நூலகவியல் பயின்றதும், முன்பு குறிப்பிட்ட அதே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில்தான். 1931-இல் நூலாக வெளிவந்த அவருடைய நூலகவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பூட்டிய அலமாரிகளில் நூல்களைப் பாதுகாப்பதே நூலகரின் கடமை என்று எண்ணப்பட்ட காலத்தில் சொல்லப்பட்டதால்தான் அது விதி என்ற தகுதியைப் பெற்றது. அதே 1931-இல் அவருடைய தூண்டுதலால் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

உங்கள் ஊருக்கு வண்டி வராது; ஆனால் அருகிலுள்ள கிளை நூலகத்தில் சிறு தொகையைக் காப்புத்தொகையாகக் கட்டி உறுப்பினராகலாம். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று திறந்திருப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. கேட்கும் நூல் அங்கே இல்லையென்றால் பேசாமல் திரும்பாமல், தலைப்பை எழுதி நூலகரிடம் கொடுங்கள். எடுத்த நூலைக் குறித்த நாளில் திருப்பித் தர வேண்டியிருப்பது வாசிப்பவருக்கு நன்மையே செய்கிறது; சொந்த நூலுக்குத் தவணை இல்லாததால்தான் அது ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறது. சென்னைக்கோ மதுரைக்கோ போக நேர்ந்தால், 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்தையும், 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கைப்பேசியில் படிப்பது உங்களுக்குச் சிரமமில்லையென்றால் செலவே கிடையாது. பாரதியாரின் படைப்புகளைத் தொடர்ந்து அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. அவற்றுள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காணலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களையும், நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இலவசமாகத் தருகின்றன.

வேக வாசிப்புப் பயிற்சியில் சேர்ந்தால் நிறைய நூல்களை முடிக்கலாமா?
*வாசகர், சேலம்*

முடிக்கலாம், என்ன படித்தோம் என்று யாரும் கேட்காதவரை. கீத் ரேனர் உள்ளிட்ட ஐந்து உளவியலாளர்கள் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கட்டுரை, வேகம் கூடும்போது புரிதல் குறைகிறது என்றே முடிவு கூறியது. மொழியறிவும் சொல்வளமும் பெருகினால் வேகம் தானாகக் கூடும் என்பதும் அதன் கருத்து. அந்தப் பயிற்சிக் கட்டணத்துக்கு நல்ல நூல்கள் சிலவற்றை வாங்கிவிடுங்கள்.

படித்த ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. பிறகு எதற்குப் படிப்பது என்ற சலிப்பு வருகிறது.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

நாவலாக இருந்தால், ஐயா, மறதியைப் பொருட்படுத்த வேண்டாம். படித்தபோது கிடைத்த இன்பம் கிடைத்ததுதான், மறந்த நூலை மீண்டும் படிக்கலாம் என்ற ஆதாயமும் உண்டு. வரலாறு, அறிவியல் போன்றவற்றில் நினைவு வேண்டுமென்றால் அடிக்கோடிடுவதையும் திரும்பத் திரும்பப் படிப்பதையும்விடப் பயனுள்ள வழி ஒன்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஓர் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருப்பதை நான்கைந்து வரிகளில் குறிப்பேட்டில் எழுதுங்கள். விட்டுப்போனது எது என்பதை அதன் பிறகு நூலைத் திறந்து பாருங்கள். எழுதச் சலிப்பாக இருந்தால் உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரித்து, படித்த நூலைப் பற்றி அங்கே பத்து நிமிடம் பேசுங்கள். ஆசிரியராக இருந்த உங்களுக்கு அது எளிதாகவே வரும்.