தண்டம் கட்டும் முன் ஒரு கேள்வி

கேள்வி: ஐயா, என் அண்ணன் மகனுக்கு 19 வயது. அடிதடி வழக்கு, இதுதான் முதல் தடவை. ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினால் அன்றே முடிந்துவிடும் என்கிறார்கள். வெளிநாடுகளில் நீதிமன்றப் பதிவையும் சம்பளப் பதிவையும் இணைத்து, இப்படியானவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஆராய்கிறார்களாமே? அது உளவு பார்ப்பது இல்லையா? — ஒரு சித்தப்பா, சுன்னாகம்

பதில்: தம்பி, நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டைச் சேர்த்துக் கோப்பை றாக்கையில் ஏற்றிவிடுவோம். அந்தப் பெடியனுக்கு அதன்பின் வேலை கிடைத்ததா என்று அந்தக் கோப்பு ஒருநாளும் சொல்லாது. அதற்கு இன்னொரு கந்தோரின் பதிவு வேண்டும்.

அப்படி இரண்டு பதிவையும் இணைத்துப் பார்த்த கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸில், ஹியூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில், சிறையைப் பெருப்பிக்கும் யோசனையை 2007இல் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். உடனே நீதிமன்றங்களின் போக்கு மாறியது. பாரதூரமான வழக்கில் முதல் தடவை வந்த பலரைக் குற்றத்தீர்ப்பு எழுதாமல் கண்காணிப்பில் விட்டார்கள்; தவணை ஒழுங்காக முடிந்தால் குற்றத்தீர்ப்பே கிடையாது. வாக்கெடுப்புக்குச் சற்று முன் வந்தவர்களும் சற்றுப் பின் வந்தவர்களும் ஒரே மாதிரி ஆட்கள்தானே? மியூலர்-ஸ்மித், ஷ்னெபெல் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த இரு கூட்டத்தையும் சம்பளப் பதிவோடு இணைத்துப் பார்த்தார்கள். பத்து வருடத்தில், தீர்ப்பு எழுதப்படாதவர்கள் மறுபடி குற்றத்தில் மாட்டுவது பாதியாகக் குறைந்திருந்தது. வேலையில் இருப்போர் வீதம் ஏறக்குறைய 50% கூடியிருந்தது. அடிதடியைவிடப் பெரிய வழக்குகள்தான் அவை. ஆனாலும் முதல் தீர்ப்பு எவ்வளவு பாரம் என்பதை எனக்கு இதைப்போல் எதுவும் காட்டவில்லை.

உளவு என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் பெயரை எடுத்துவிட்டு, ஒரு மறை இலக்கம் போட்டே இப்படியான பதிவுகளை இணைக்கிறது. ஆய்வாளர் கையில் ஆளின் பெயர் இராது.

இங்கே இலங்கையிலும் இப்படிப் பதிவுகளை இணைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் லேசில்லை. ஒரே ஆள் ஒரு வழக்கில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடும், இன்னொன்றில் முழுப்பெயரோடும் இருப்பார். அடையாள அட்டை பழையது என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். அப்புறம், இங்கே சம்பளப் பதிவு என்றால் ஊழியர் சேமலாப நிதிப் (EPF) பதிவுதான்; கடலுக்குப் போகிறவரும் மேசன் வேலை செய்கிறவரும் பெரும்பாலும் அதில் வரமாட்டார்கள். உழைக்கிற மனிதரை வேலையில்லாதவர் என்று எழுதிவிடக்கூடாது.

சரி, மகனின் விஷயம். தண்டம் கட்ட முன், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வயதையும் முன் நடத்தையையும் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே விடுவிக்க நீதவானுக்கு அதில் அதிகாரம் உண்டு. ஒத்துக்கொள்ளும் அன்றே அதைக் கேட்டாக வேண்டும்.