கான்டாக்ட் லென்ஸ் சுத்தம்: மல்டிபர்ப்பஸ் சொல்யூஷனா, பெராக்சைடா?

கேள்வி: சார், இரண்டில் எது கிருமியை நன்றாகக் கொல்லும்?

பதில்: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு. ப்ரிசர்வேட்டிவ் இல்லாததால் அலர்ஜி உள்ளவர்களுக்கும் ஏற்றது. கருவிழியைப் புண்ணாக்கும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் கிருமி சுற்றிலும் ஓடு கட்டிக்கொண்டால் மல்டிபர்ப்பஸ் சொல்யூஷன்கள் (சுத்தம் செய்ய, அலச, ஊற வைக்க எல்லாவற்றுக்கும் ஒரே திரவம்) பலவற்றுக்கு அசையாது; பெராக்சைடு கொஞ்சம் தேவலை. ஆனால் அவசரக்காரர்களுக்கு நான் பெராக்சைடைச் சொல்ல மாட்டேன். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: 6 மணி நேரம் ஊற வேண்டுமாம். இரண்டு மணியில் எடுத்துப் போட்டால்?

பதில்: கண் எரியும். டப்பாவின் அடியில் பிளாட்டினம் பூசிய தட்டு இருக்கிறதே, அதுதான் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. முதலில் வேகமாகப் பொங்கும், பிறகு மெதுவாகத்தான் குறையும். குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மணியைப் பாருங்கள்.

இதைவிட மோசம், சாதாரண லென்ஸ் டப்பாவில் ஊற்றுவது. தட்டு இல்லாததால் விடிந்த பிறகும் அது பெராக்சைடாகவே இருக்கும். தவறிக் கண்ணில் பட்டால் லென்ஸை உடனே கழற்றி, சலைனாலோ (கிருமி நீக்கிய உப்புத் தண்ணீர்) சுத்தமான தண்ணீராலோ 15 நிமிடம் கழுவுங்கள். வலியோ மங்கலோ நீடித்தால் கண் மருத்துவர்தான். தட்டும் நாளடைவில் வலுவிழக்கும். புது பாட்டிலோடு வரும் புது டப்பாவுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: பெராக்சைடில் ஒரு வாரம் அப்படியே வைக்கலாமா?

பதில்: 6 மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே இருப்பது வெறும் உப்புத் தண்ணீர், கிருமி புகுந்தால் தடுக்க ஒன்றுமில்லை. எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும். அதைத் தாண்டினால் புது திரவத்தில் மறுபடி 6 மணி நேரம்.

கேள்வி: 'தேய்க்கத் தேவையில்லை' என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறதே?

பதில்: மல்டிபர்ப்பஸ் என்றால் தேய்த்தே ஆக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சில சொட்டு விட்டு, இருபுறமும் சுமார் 10 விநாடி. பிறகு அதே சொல்யூஷனால் அலசுங்கள். படிந்த அழுக்குக்குள் கிருமி பதுங்கினால் மருந்து எட்டாது. நேற்றைய சொல்யூஷன் மேலேயே புதிதை ஊற்றி நிரப்பினாலும் வீரியம் குறைந்துவிடும்.

கேள்வி: கொதிக்க வைத்தால்?

பதில்: வேண்டாம். வெந்நீர் முறை பழைய சாஃப்ட் லென்ஸுக்கு இருந்தது. படிந்த புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். இன்றைய லென்ஸ்கள் பல உருக்குலையும்.

கேள்வி: சலைன் போதாதா?

பதில்: அலசலாம். கிருமி சாகாது.

கேள்வி: டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாமா?

பதில்: கூடாது. குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா இருக்கலாம். பழைய திரவத்தைக் கொட்டி, விரலால் தேய்த்து, சொல்யூஷனால் அலசி, டிஷ்யூவால் துடைத்து, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து உலர விடுங்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை புது டப்பா.